மணலிக்கரையிலிருந்து வாக்குச்சீட்டு வரை: திருவிதாங்கூரின் உரிமை ஆவணங்கள்

கொல்லம் ஆண்டு 410, அதாவது 1235. பின்னாளில் திருவிதாங்கூராக வளர்ந்த வேணாட்டை வீர இரவி கேரளவர்மன் ஆண்டுகொண்டிருந்த காலம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணலிக்கரையில் ஓர் உடன்படிக்கை கல்லில் வெட்டப்பட்டது. ஒரு பக்கம் மன்னனின் அதிகாரிகள். மறுபக்கம் கோதநல்லூர் சபையாரும் ஊராரும். வரி தண்டும் பொறுப்பிலிருந்த கண்டன் திருவிக்கிரமன் என்பவனும் உடனிருந்தான். எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்தது வரியைப் பற்றி. மழை பொய்த்து விளைச்சல் கெட்டுப்போனால், எந்த வயல் கருகியது, எது தப்பியது என்று சபையாரும் ஊராரும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். கருகிய நிலத்துக்கு வழக்கமான வரியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதையும் இப்போது கொடுக்க முடியாது என்று ஊரார் ஒன்றுகூடிக் கேட்டுக்கொண்டால், பிறகு கொடுக்கலாம்; வட்டி கிடையாது.

இந்தக் கல்வெட்டின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை. நமக்கெல்லாம் மனோன்மணீயம் ஆசிரியராகத் தெரிந்தவர். கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, வேணாட்டு மன்னர்களின் வரிசையை நிறுவி 1894-ல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலில், மணலிக்கரை ஆவணத்தைத் திருவிதாங்கூரின் மாபெரும் சாசனங்களில் ஒன்றாக மதிப்பிட்டார். இங்கிலாந்து மன்னன் ஜான், பிரபுக்களின் நெருக்குதலுக்குப் பணிந்து ரன்னிமீடு புல்வெளியில் மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரையிட்டது 1215-ல். இருபதே ஆண்டு இடைவெளி. அங்கே பிரபுக்கள் வாளோடு வந்து நின்றார்கள். அந்தச் சாசனமும் சில வாரங்களில் போப்பாண்டவரால் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, பின்னர்தான் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டது. இங்கே ஒரு கிராமத்து சபை அரசின் ஆட்களோடு சமமாக உட்கார்ந்து வரிக்கணக்குப் பேசியிருக்கிறது. கருகிய வயல் எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் வரி கொடுப்பவன் கையில் இருந்திருக்கிறது. பயிர் காப்பீட்டுக்காக உழவர்கள் அலைக்கழியும் இந்தக் காலத்தில் படித்தாலும் அந்த ஏற்பாடு வியப்பைத் தருகிறது.

ஆனால் அந்த 'ஊரார்' யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நிலம் வைத்திருந்தவர்கள். அந்த நிலத்தில் சேற்றில் இறங்கி உழைத்தவர்கள் சபையிலும் இல்லை, கல்லிலும் இல்லை. மாக்னா கார்ட்டாவும் அப்படித்தான். அது பேசிய சுதந்திர மனிதர்கள் கூட்டத்தில் பண்ணையடிமைகள் சேரவில்லை. தென் திருவிதாங்கூரின் ஆவணங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: ஒவ்வொரு சாசனமும் யாரையோ உள்ளே விட்டு, யாரையோ வாசலில் நிறுத்தியது. வாசலில் நின்றவர்கள்தான் அடுத்த சாசனத்தை எழுத வைத்தார்கள். மன்னர்களின் கருணை வரலாறாக எழுதப்பட்ட இந்தக் கதையை, மனுக் கொடுத்தவர்களின் வரலாறாகப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

மணலிக்கரைக்கு முன்னாலும் ஆவணங்கள் உண்டு. 849-ல் வேணாட்டு அய்யனடிகள் திருவடி, கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளி என்ற கிறித்தவ ஆலயத்துக்கு வழங்கிய செப்பேடு, பள்ளியைச் சேர்ந்த குடிகளுக்குப் பல வரிகளை நீக்கியது. அவர்கள் செய்த குற்றங்களை விசாரிக்கும் பொறுப்பையும் பள்ளிக்கே விட்டது. அறுநூற்றவர், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய அமைப்புகள் அந்த உரிமைகளுக்குக் காவல். வட்டெழுத்தில் எழுதிய அந்த ஏட்டில் சாட்சிகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கடல் கடந்து வந்த வணிகர்களுக்கு எழுத்து மூலம் உறுதி கொடுத்த அரசு, அதே ஏட்டில் ஈழவர், வண்ணார் குடிகளைப் பள்ளிக்கு ஒப்படைத்தது. உரிமை பெற்றது பள்ளி. அந்தக் குடிகள் அந்த உரிமையின் பகுதியாகப் போனார்கள்.

அடுத்து, 866-ஐச் சேர்ந்த பார்த்திவசேகரபுரம் செப்பேடு. திருவனந்தபுரத்து ஹஜூர் கச்சேரியில் இருந்ததால் ஹஜூர் ஆபீஸ் செப்பேடு என்று பெயர் பெற்றது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் சாலை என்னும் கல்விக்கூடமும் அமைக்க இடம் தேடியபோது, முன்சிறை சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, அதற்கு மாற்றாகத்தான் இந்த இடத்தைப் பெற்றான். சபையாருக்கு உரிய நிலத்தை மன்னனே ஆனாலும் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சாலையில் 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், படித்தார்கள். யார் எந்த வேதப் பிரிவு, அவர்களுக்கு எத்தனை இடம், ஆயுதத்தோடு வந்தால் என்ன தண்டம் என்றெல்லாம் விதிகள் உண்டு. காந்தளூர்ச் சாலையின் நடைமுறையே அதற்கு முன்மாதிரி. அந்தக் காந்தளூர்ச் சாலை இருந்த இடமாக இன்றைய திருவனந்தபுரத்து வலியசாலையைச் சொல்வார்கள்.

கோயில் நிர்வாகிகளின் கையைக் கட்டிய மூழிக்களக் கச்சமும் இந்த வரிசையில் வரும். ஊராளர்கள் கோயில் நிலத்தை வளைத்துப்போடக் கூடாது, குடிகளை வெளியேற்றக் கூடாது, தவறினால் பதவி போகும் என்ற அந்தக் கட்டுப்பாட்டை, கேரளத்தின் பல கல்வெட்டுகள் முன்மாதிரியாகச் சுட்டுகின்றன. சோழநாட்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையையும் கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதியையும் வகுத்தது ஏறக்குறைய இதே நூற்றாண்டுகளில்தான். உத்திரமேரூரை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைகளில் சொல்கிறோம். குடத்தில் ஓலை விழுவதற்குச் சொந்த நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் வேண்டும் என்ற விதியை மட்டும் விட்டுவிடுகிறோம். பெருமைப்படுவதாக இருந்தால் கல்வெட்டு முழுவதையும் படித்துவிட்டுப் பெருமைப்படுவோம்.

நாஞ்சில் நாட்டின் நாட்டார் கூட்டங்கள் தனியாகப் பேச வேண்டியவை. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைத் தேடியெடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் படைகள் ஒரு பக்கம் கொள்ளையடிக்க, வேணாட்டு அதிகாரிகள் மறுபக்கம் வரி கேட்டு நெருக்கியபோது, நாட்டார் கூடி, முறையில்லாத வரியைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்த செய்தி அந்த ஓலைகளில் இருக்கிறது. காப்பாற்ற முடியாத அரசுக்கு வரி எதற்கு என்பதுதான் அவர்கள் கேள்வி.

அந்தத் துணிச்சல் 1799-ல் தலைநகருக்கே வந்தது. ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியும் அவரது கூட்டாளிகளும் கட்டாய வசூலில் இறங்கியபோது, தலைக்குளத்து வேலுத்தம்பியின் தலைமையில் நாஞ்சில் நாட்டு மக்கள் திரண்டு திருவனந்தபுரம் கோட்டை வாசலில் நின்றார்கள். நம்பூதிரியை நீக்க வேண்டும், இனி ஒருபோதும் பதவியில் வைப்பதில்லை என்று மன்னர் எழுதித் தர வேண்டும், உப்பு வரி முதலானவற்றை எடுக்க வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். பாலராமவர்மா இணங்கினார். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும் என்று அந்த மக்கள் நின்ற இடம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதே வேலுத்தம்பி 1809 ஜனவரியில் வெளியிட்ட குண்டறை விளம்பரத்தை விடுதலைப் பிரகடனமாக எல்லோரும் போற்றுகிறார்கள். கம்பெனி ஆட்சிக்கு எதிரான வீரம் அதில் உண்டு. ஜாதி ஆசாரம் கெட்டுவிடும் என்ற அச்சமும் அதில் உண்டு. உரிமை ஆவணங்களோடு அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு, விளம்பரங்கள் எனப்பட்ட அரசு அறிவிப்புகளின் நூற்றாண்டு. கொல்லம் 987-ல் (1811–12) ராணி கௌரி லட்சுமிபாய் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்தார். ஆனால் நிலத்தோடு சேர்ந்த அடிமைகளை நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றுவதை அந்தத் தடை தொடவில்லை. வயலில் கிடந்த புலையரும் பறையரும் அந்த ஒரு விலக்கில் அகப்பட்டு இன்னும் நாற்பது ஆண்டு காத்திருந்தார்கள். 1853-ல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கும், 1855-ல் அனைவருக்கும் விடுதலை அறிவிக்கப்பட்டது. 1817-ல் ராணி கௌரி பார்வதிபாய் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று இட்ட கட்டளையையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக்கு மிக முற்போக்கான கட்டளை. அதன் பலன் புலையர் வீட்டுப் பிள்ளைக்கு வந்து சேர நூறாண்டு ஆயிற்று.

தோள்சீலை ஆவணங்களைப் படிக்கும்போது மனம் பதறுகிறது. ஒரு பெண் தன் மார்பை மறைக்கலாமா, கூடாதா என்று அரசு மாறி மாறி உத்தரவு போட்டிருக்கிறது. 1814-ல், கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தபோது, கிறித்தவ நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை அணியலாம் என்றார்கள். 1829 பிப்ரவரி 3-ம் தேதி விளம்பரம், குப்பாயத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மேல்முண்டு போடக் கூடாது என்றது. எதிர்த்துப் பேசியவர்களுக்குச் சிறைதான். சாமித்தோப்பு வைகுண்ட சுவாமிகள் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைபட்டது 1838-ஐ ஒட்டிய காலத்தில். 1858 இறுதியில் திவான் மாதவராவ் பழைய உத்தரவே நிற்கிறது என்று நினைவூட்ட, தெருவில் பெண்களின் சேலை கிழிக்கப்பட்டது. வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன. மனுக்கள் மன்னருக்கும் சென்னைக்கும் போயின. சென்னை கவர்னர் சார்லஸ் டிரவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-ல் புதிய விளம்பரம் வந்தது. எந்த மதத்து நாடார் பெண்ணும் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் போர்த்தலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், உயர்ஜாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது அது. அந்தக் கடைசி ஐந்து சொற்களில்தான் அரசின் உள்ளம் இருந்தது. உரிமையைக் கொடுக்கும்போதும் சமத்துவத்தைக் கொடுக்காமல் இருக்க வழி தேடிய ஆவணம் அது. அந்த ஐந்து சொற்களை நாடார் பெண்கள் மதிக்கவில்லை. உடுத்த நினைத்ததை உடுத்தார்கள்.

1865-ன் பண்டாரப் பாட்ட விளம்பரத்தைத் திருவிதாங்கூர்க் குடியானவர்களின் மாக்னா கார்ட்டா என்று வரலாற்று நூல்கள் புகழும். சர்க்கார் பாட்ட நிலங்களைப் பயிரிட்டவர்களுக்கே விற்கவும் வாங்கவும் பரம்பரையாக வைத்துக்கொள்ளவும் உரிமை கிடைத்தது. வரி கட்டும்வரை யாரும் வெளியேற்ற முடியாது. ஆயில்யம் திருநாள் மன்னர், திவான் அதே மாதவராவ். கேரளத்தின் நடுத்தர வர்க்கம் எழுந்ததில் இந்த ஒரு காகிதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குத்தகைதாரர் உடைமையாளர் ஆனார். அவர் வயலில் கூலிக்கு நின்றவர் கூலியாகவே நின்றார்.

இனி மக்களே எழுதிய ஆவணங்கள். 1891-ல் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளிடம் கொடுக்கப்பட்ட மலையாளி மெமோரியலில் 10,028 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அரசுப் பதவிகளில் வெளியூர்த் தமிழ்ப் பிராமணர்களே நிறைந்திருக்கிறார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு இடம் வேண்டும் என்பது கோரிக்கை. கே. பி. சங்கர மேனன், ஜி. பரமேஸ்வரன் பிள்ளை, சி. வி. ராமன் பிள்ளை ஆகியோர் முன்நின்றார்கள். தமிழருக்கு எதிரான மனு என்று இதை நம்மவர்கள் சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. நாஞ்சில் நாட்டு வேளாளரோ நாடாரோ அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களும் வெளியேதான் இருந்தார்கள். மெமோரியலின் உண்மையான குறை வேறு. கையெழுத்திட்டவர்களில் ஈழவர்களும் உண்டு, டாக்டர் பல்பு உட்பட. சென்னையில் மருத்துவம் படித்துத் தேறிய பல்புவுக்குச் சொந்த நாட்டில் வேலை இல்லை. மைசூர் அரசு வேலை கொடுத்தது. மெமோரியலின் பலன் தம் மக்களுக்கு வரவில்லை என்று கண்ட பல்பு, 1896 செப்டம்பர் 3-ல் 13,176 கையெழுத்துகளோடு ஈழவர் மெமோரியலைக் கொடுத்தார். ஐந்தே ஆண்டில் வாசலில் நின்றவர்கள் தங்கள் ஆவணத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் 1888 மார்ச் 30 விளம்பரத்தால் சட்டசபை அமைந்தது. இந்திய சமஸ்தானங்களில் முதலாவது. உறுப்பினர் எட்டுப் பேர், அதில் அதிகாரிகள் அல்லாதோர் குறைந்தது இருவர். 1904 அக்டோபர் 22-ல் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் ஸ்ரீமூலம் பிரஜாசபை முதன்முறையாகக் கூடியது. குறைகளைச் சொல்லலாம், சட்டம் செய்யும் அதிகாரம் கிடையாது. உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் நிலவரி கட்டுபவர்கள். சபைக்கு வெளியே எழுதினால் என்ன ஆகும் என்பதை 1910 செப்டம்பர் 26 காட்டியது. திவான் ராஜகோபாலாச்சாரியைக் கண்டித்து எழுதிய 'சுவதேசாபிமானி' பத்திரிகையின் அச்சகம் பறிக்கப்பட்டு, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பட்டார். ஒரே மன்னரின் கையெழுத்தில் சட்டசபையும் நாடுகடத்தலும்.

அதே பிரஜாசபைக்கு 1911 டிசம்பரில் அய்யன்காளி நியமிக்கப்பட்டார். வெங்ஙானூரைச் சேர்ந்த, எழுதப் படிக்கத் தெரியாத புலையர் தலைவர். 1893-ல், புலையர் நடக்கக் கூடாத பொதுவழியில் வில்வண்டி ஓட்டிப் போனவர். பள்ளியில் எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தியவர். பிள்ளைகளைச் சேர்க்க அரசு உத்தரவிட்ட பிறகும், ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அவர் கைபிடித்து அழைத்துச் சென்றபோது எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் கருகித் தப்பிய பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உத்தரவுக்கும் உரிமைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிரஜாசபையில் ஆண்டுக்காண்டு அய்யன்காளி கேட்டவை: குடியிருக்கவும் பயிரிடவும் புதுவல் என்ற அரசுத் தரிசு நிலம், பள்ளியில் இடம், கட்டணச் சலுகை, வேலை. அச்சிட்ட நடவடிக்கைத் தொகுதிகளில் பதிவான அந்தப் பேச்சுகளை நான் திருவிதாங்கூரின் முதன்மையான உரிமை ஆவணங்களாகவே கருதுகிறேன். வாக்கில்லாத ஒரு சபையில், வாக்கில்லாத மக்களுக்காக, தாசில்தார் எந்த ஊரில் எந்த நிலத்தைத் தராமல் இழுத்தடிக்கிறார் என்று இடம் சுட்டிப் பேசிய பேச்சுகள் அவை. அவர் நின்று பேசிய அந்த மண்டபத்துக்கு 2019-ல் அய்யன்காளி மண்டபம் என்று பெயர் மாற்றினார்கள்.

வைக்கம் போராட்டத்தின் கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். பெரியார் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் இருந்ததும் தெரியும். அதிகம் பேசப்படாதவை இரண்டு. 1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் வைக்கத்திலிருந்தும், எம்பெருமாள் நாயுடு தெற்கே நாகர்கோவில் பக்கமிருந்தும் சவர்ண ஜாதா என்ற மேல்ஜாதியினர் நடைப்பயணம் நடத்திவந்து, ஏறக்குறைய 25,000 மேல்ஜாதியினர் கையெழுத்திட்ட மனுவை ரீஜன்ட் மகாராணி சேது லட்சுமிபாயிடம் கொடுத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் சட்டசபையில் என். குமாரன் கொண்டுவந்த, கோயில் தெருக்களைத் திறக்கும் தீர்மானம் 22-க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது. அரசு நியமித்தவர்களைச் சபையில் வைத்திருந்ததன் விளைவு அது. பிரதிநிதித்துவம் முழுமையாக இல்லாத இடத்தில் நடந்துபோகும் உரிமைகூடப் பாதுகாப்பாக இருப்பதில்லை. 1932 சட்டசபைச் சீர்திருத்தத்துக்கு எதிராக ஈழவர், கிறித்தவர், முஸ்லிம்கள் நடத்திய நிவர்த்தன (விலகி நிற்கும்) போராட்டம் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு எழுந்ததுதான்.

1936 நவம்பர் 12-ன் கோயில் நுழைவு விளம்பரம் மிகச் சிறிய ஆவணம். பிறப்பாலோ மதத்தாலோ இந்துவாக உள்ள யாரும் அரசின் கட்டுப்பாட்டிலுள்ள கோயில்களில் நுழையத் தடையில்லை என்றது. மன்னர் சித்திரைத் திருநாளையும் திவான் சி. பி. ராமசாமி ஐயரையும் அதற்காகப் பாராட்டலாம். நாட்டிலேயே முன்னோடி அறிவிப்பு அது. ஆனால் முந்தைய ஆண்டு அம்பேத்கர் மதம் மாறுவேன் என்று அறிவித்ததும், ஈழவர்களிடையே மதமாற்றப் பேச்சு வலுத்ததும், கோழஞ்சேரியில் பேசியதற்காக சி. கேசவன் சிறையிடப்பட்டதும் அதற்குப் பின்னால் நின்றன. காந்திக்கும் நாராயண குருவுக்கும் சுசீந்திரம் கோயில் தெருப் போராட்டத்தில் அடிபட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அதே சி. பி. 1946-ல் அமெரிக்க மாதிரி அரசியல் சட்டம் ஒன்றைத் திட்டமிட்டார். வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு, ஆனால் சபையால் நீக்க முடியாத திவான். அமெரிக்காவில் அதிபரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே திவானைத் தேர்ந்தெடுப்பவர் மன்னர். அமெரிக்க மாதிரியை அரபிக்கடலில் எறிவோம் என்று ஆலப்புழைத் தொழிலாளர்கள் முழங்கினார்கள். அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் துப்பாக்கி பேசியது. 1947 ஜூலை 25-ல் சி. பி. வெட்டுப்பட்டார், திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைந்தது, செப்டம்பர் 4-ல் பொறுப்பாட்சி அறிவிப்பு வந்தது. 1948 பிப்ரவரியில் வரியும் நிலமும் கேட்காமல், ஜாதி கேட்காமல், ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள். 120 இடங்களில் 14-ஐ நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வென்றது. புதிய ஆட்சியிலும் தமிழர்கள் தங்களை வெளியே நிறுத்தப்பட்டவர்களாக உணர்ந்தார்கள். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள்மீது சுட்டது மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் போலீஸ். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன.

எல்லை பிரிந்தபோது நிலம் வந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் ஓலைகளும் கோப்புகளும் பெரும்பாலும் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டன. அந்நகரின் கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் உட்பட லட்சக்கணக்கான ஏடுகள் இருக்கின்றன. அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் 2022-ல் திறக்கப்பட்டிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரிகள் தங்கள் வரலாற்று மாணவர்களை, வட்டெழுத்தும் கோலெழுத்தும் கற்பித்து, அங்கே அனுப்ப வேண்டும். சுந்தரம் பிள்ளையின் பெயரைத் தாங்கிய திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் தோள்சீலை விளம்பரங்களையும், மனுக்களையும், அய்யன்காளியின் பிரஜாசபைப் பேச்சுகளையும் தமிழில் ஒரே தொகுப்பாக வெளியிட முன்வர வேண்டும்.